கண்ணாடி துடைப்பவர்

பிறந்த மறுநொடியே பதில் சொன்ன மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. நர்ஸ் முதுகில் ஒரு தட்டு தட்டினார். குழந்தை உடனே, முழுத் தொண்டையில், ஆஸ்பத்திரி அதிரப் பதில் சொன்னது. அன்றிலிருந்து இன்றுவரை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் நழுவியதே இல்லை.

இதைச் சொன்னவர் அவரே. காலை ஏழு மணிக்கு, கன்னமெல்லாம் சோப்பு நுரையோடு, குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். மறுத்துப் பேச அங்கே யாரும் இல்லை.

அவர் எதிர்க்கட்சி உறுப்பினர். மூன்று முறை ஜெயித்தவர். இன்றைக்குக் கேள்வி நேரத்தில் முதல் கேள்வி அவருடையது: கடன் வாங்கிப் போட்ட சாலைகள் எங்கே போயின, யார் பொறுப்பு?

மேலே போவதற்கு முன், இந்த வீட்டில் தற்சமயம் யார் யாரோடு பேசுவதில்லை என்ற பட்டியலைச் சொல்லிவிட வேண்டும். அம்மா மகளோடு பேசுவதில்லை. மகள் மாமாவோடு பேசுவதில்லை. மாமா மகளோடு பேசுவதில்லை. அவளைப் பற்றி ஊரில் எல்லாரோடும் பேசுகிறார். உறுப்பினர் மட்டும் அனைவரோடும் பேசுகிறார். யார் சொல்வதையும் காதில் வாங்காததால் அவருக்கு அந்தச் சௌகரியம்.

காரணம், போன வாரம் நடந்தது. மகள் சாலைத் துறையில் உதவிப் பொறியாளர். தண்ணீர்த் தொட்டிச் சாலை, நான்கு கிலோமீட்டர், புதிதாகப் போட்டது. போட்ட ஒப்பந்தக்காரர் அவளுடைய தாய்மாமா. ஜல்லி மாமா என்றால் குழந்தைக்கும் தெரியும். புதுச் சாலையை ஏற்றுக்கொள்வதற்கு முன் மூன்று இடத்தில் இயந்திரத்தால் துளை போட்டு, உருளையாகத் துண்டு எடுத்து, தடிமன் பார்க்க வேண்டும். மாமாவின் ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள். பொறியாளருக்குச் சிரமம் வேண்டாமென்று எங்கெங்கே துளை போடலாம் என முந்தின நாளே சாலையில் சாக்பீஸால் வட்டம் வரைந்து வைத்திருந்தார்கள்.

மகள் ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் பத்தடி தள்ளித் துளை போட்டாள்.

நூறு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய தார், ஓரிடத்தில் ஐம்பத்தைந்து, இன்னோரிடத்தில் ஐம்பது, மூன்றாவது இடத்தில் நாற்பத்திரண்டு. மூன்று துண்டும் ஒன்றாகச் சோதனைச்சாலைக்குப் போனால்தான் செல்லும். ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் வெறும் கல். துறைக் கிடங்கில் வைத்த துண்டுகளுக்குக் கால் முளைப்பது வழக்கம் என்பதால், மகள் மூன்றையும் வீட்டு பால்கனியில், செடித்தொட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அம்மா அன்றைக்கு வாயை மூடியவள்தான்.

உறுப்பினருக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. சண்டை நடந்த சாயங்காலம் அவர் பொறுப்புணர்வு பற்றிப் பேசப் போயிருந்தார்.

"அப்பா, மாமா ரோடு விஷயமா அஞ்சு நிமிஷம் பேசணும்" என்றாள் மகள், குளியல் துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு.

"நாட்டோட மொத்தக் கடனும் இன்னிக்கு என் தலை மேல உக்காந்திருக்கு. அதுல உங்க மாமா ரோடு எங்கம்மா உக்காரும்? சாயங்காலம் பேசலாம்."

"போன வாரமும் சாயங்காலம்னுதான் சொன்னீங்க."

"சாயங்காலம் தினமும்தானே வருது?"

மகள் குளியலறைக் கதவைச் சாத்திய சத்தத்தில் அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

உறுப்பினர் டீயோடு பால்கனிக்குப் போனார். பேச்சு தயார். ஆனால் கையில் தூக்கிக் காட்ட ஏதாவது வேண்டும். போன கூட்டத்தொடரில் அவர் பள்ளம் விழுந்த சாலையின் போட்டோவைக் காட்டினார். பின்வரிசைக்காரர் ஒருவர் அது நிலாவா என்று கேட்டார். இந்த முறை கனமாக, கறுப்பாக, கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி ஒன்று...

செடித்தொட்டிக்குப் பின்னால் மூன்று தார் உருளைகள் இருந்தன. இருப்பதிலேயே குள்ளமானதை எடுத்தார். உள்ளங்கை அகலம். உயரமோ, சோப்பு டப்பா தேவலை. அடியில் ஏதோ சீட்டு ஒட்டியிருந்தது. கண்ணாடி உள்ளே மேஜை மேல் இருந்ததால் அதைப் படிக்கவில்லை. மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் ஐந்து நிமிடம் கேட்பாள்.

மனைவி பின்னால் வந்து நின்றாள். "அது எதுக்கு?"

"சபையில தூக்கிக் காட்டப் போறேன். ஒரு பை குடு."

அவள் உருளையை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். செய்தித்தாளில் சுற்றினாள். துணிப்பையில் போட்டு, இரண்டு முடிச்சு போட்டாள். பல நாளாக அந்த வீட்டில் யாருக்கும் கிடைக்காத பணிவிடை.

"இதைத் திரும்பக் கொண்டு வரணுமா?" என்று கேட்டாள்.

"காட்டுறதுக்குத்தானே? கொண்டு வந்து என்ன பண்றது?"

"அப்ப சரி" என்றாள் மனைவி. லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது.

தன் பேச்சின் மேல் வீட்டுக்கே நம்பிக்கை வந்துவிட்டது என்று உறுப்பினர் எடுத்துக்கொண்டார்.

*

சபையில் உட்கார்ந்ததிலிருந்து சட்டைப் பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தார். மகள். பதினோரு தடவை. வாழ்த்துச் சொல்ல இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு அவசரம் என்று நெஞ்சு நிறைந்தது. அணைத்துவிட்டார்.

"மாண்புமிகு தலைவர் அவர்களே" என்று எழுந்தார். "பிறந்த குழந்தை முதுகுல தட்டினதும் ஏன் அழுவுது தெரியுமா? இந்த அரசு அது பேருல எவ்வளவு கடன் வாங்கியிருக்குன்னு அதுக்கு அப்பவே தெரிஞ்சுடுது!"

எதிர்க்கட்சி வரிசை மேஜையைத் தட்டியது.

"நாலாயிரம் கோடி கடன். ரோடு போடன்னு வாங்கினது. கடன் இருக்கு. வட்டி இருக்கு. வட்டிக்கு வட்டி இருக்கு. ரோடு எங்க? இதே கேள்வியை மூணு வருஷமா கேக்குறேன். சாலைத் துறை அமைச்சர் எனக்குச் சொன்ன பதிலை சபைக்கு அப்படியே காட்டுறேன், பாருங்க."

கண்ணாடியைக் கழற்றினார். முகத்துக்கு நேராகப் பிடித்து வாயால் ஊதினார். கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்தார். வலது பக்கச் சில்லைத் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்தியில்லாமல் மறுபடி துடைத்தார். பிறகு இடது பக்கம்.

அமைச்சர் அப்படியேதான் செய்வார். யார் எந்தக் கேள்வி கேட்டாலும் கண்ணாடி கழன்றுவிடும். அவர் துடைத்து முடிப்பதற்குள் தலைவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். சபையில் இரண்டு பக்கமும் சிரித்தது. ஆளும் கட்சிக்காரர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

"நாற்பத்தாறு கேள்வி, தலைவர் அவர்களே! நாற்பத்தாறு துடைப்பு! இந்த நாட்டுலயே சுத்தமான பொருள் ஒண்ணு இருக்குன்னா அது அமைச்சரோட கண்ணாடிதான். கூச்சமே இல்லாம துடைக்கிறதுக்கும் ஒரு முகம் வேணும். என்னால முடியாது!"

அதே சூட்டில் துணிப்பையைத் திறந்தார். முடிச்சு இரண்டும் இறுகியிருந்ததால் பல்லால் இழுக்க வேண்டியிருந்தது. உருளையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"இதுதான் உங்க ரோடு! இதோட தடிமனைப் பாருங்க! இதைப் போட்டவன் திருடன்! போட விட்டவன் திருடனுக்கு அண்ணன்! இதுக்குப் பரிந்துரை பண்ணினவன் யாரோ, அவன் ரெண்டு பேருக்கும் அப்பன்!"

மேஜைகள் அதிர்ந்தன. அமைச்சர் எழுந்தார்.

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுவே சபைக்குப் புதிதாக இருந்தது.

"உறுப்பினர் கையில இருக்கிற துண்டுல சீட்டு ஒண்ணு ஒட்டியிருக்கு. எந்த ரோடுன்னு அவரே படிச்சுச் சொன்னா நடவடிக்கை எடுக்க எனக்கு வசதியா இருக்கும்."

"சொல்றேனே! எனக்கென்ன பயம்?" உறுப்பினர் துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு உருளையைத் திருப்பினார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. "தண்ணீர்த் தொட்டிச் சாலை. மூணு கிலோமீட்டர் நானூறு மீட்டர்..."

அங்கே குரல் நின்றது.

"படிங்க. ஒப்பந்தக்காரர் பேரு போட்டிருக்குமே?"

உறுப்பினர் தண்ணீர் குடித்தார்.

"பரவாயில்ல. உறுப்பினர் தொகுதி ரோட்டுக் கோப்பெல்லாம் கொண்டு வந்திருக்கேன். அந்த ரோடும் இருக்கு" என்றார் அமைச்சர். எதிரியின் கேள்விக்கு அவர் கோப்போடு வந்ததும் மூன்று வருடத்தில் அதுதான் முதல் முறை. "இதுல ஒரு பரிந்துரைக் கடிதம் இருக்கு. 'உள்ளூர் அனுபவமும் நேர்மையும் மிக்க இந்த ஒப்பந்தக்காரருக்கே பணியை வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.' கையெழுத்துப் போட்டவர் இப்ப நின்னுக்கிட்டிருக்கிற உறுப்பினர். ஒப்பந்தக்காரர் அவர் மனைவியோட கூடப் பிறந்த தம்பி. இதுக்கெல்லாம் அப்பன் யாருன்னு அவரே அறிவிச்சதுக்கு நன்றி."

அதன் பிறகு ஐந்து நிமிடம் சபையில் என்ன பேசப்பட்டது என்று குறிப்பெழுதுபவருக்கும் தெரியாது.

இரைச்சல் அடங்கியதும் அமைச்சர் மெதுவாகக் கேட்டார். "இன்னொண்ணு. இது என் துறையோட சோதனைத் துண்டு. உறுப்பினர் கைக்கு எப்படி வந்துச்சு? சீட்டுல கையெழுத்துப் போட்ட பொறியாளர் எடுத்துக் குடுத்தாரா?"

உறுப்பினர் கையெழுத்தைப் பார்த்தார். முதல் எழுத்தின் வாலை இழுத்து அடிக்கோடாக்கும் கையெழுத்து. அப்படிப் போட்டால்தான் கம்பீரம் என்று ஏழாம் வகுப்பில் அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"நான்... இதைத் திரும்ப எடுத்துக்கிறேன், தலைவர் அவர்களே" என்றார்.

"முடியாது" என்றார் தலைவர். "சபையில ஆதாரமாக் காட்டின பொருள் சபையோட உடைமை. திரும்ப வேணும்னா அது எங்கிருந்து, எப்படி வந்துச்சுன்னு உறுப்பினர் கைப்பட எழுதிக் குடுக்கணும். அதை நான் சபையில படிப்பேன். போன வருஷம் இந்த விதியைக் கொண்டு வரச் சொல்லி மூணு நாள் உக்காந்து போராடினவர் நீங்கதானே?"

அவர்தான். அமைச்சர்கள் கோப்பை ஆட்டிக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று ஆத்திரப்பட்டு, சாகும்வரை உண்ணாவிரதம் என்று மிரட்டி வாங்கிய விதி.

ஊழியர் ஒருவர் வந்து உருளையை வாங்கி, பச்சைத் துணியில் சுற்றி, எண் போட்டு எடுத்துப் போனார். பொறியாளர் நாளைக் காலை பத்து மணிக்குள் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் வேலையிலிருந்து நீக்கம் என்று அமைச்சர் அறிவித்தார். பிறகு உட்கார்ந்து, ஆற அமரக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வராந்தாவுக்கு வந்து போனைத் திறந்ததும் மச்சினன் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மச்சான், வெட்டணும்னா வீட்டுலயே வெச்சு வெட்டியிருக்கலாமே? நாடே பாக்க மேடை போட்டா வெட்டணும்?"

"எனக்குத் தெரியாது மாப்ளே! சீட்டைப் படிக்கல!"

"என்னைத் திருடன்னீங்க."

"பொதுவாச் சொன்னேன்."

"என் ரோட்டைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுப் பொதுவா சொன்னீங்களா?"

"நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்னு சீட்டுலயே போட்டிருக்கு. வேற என்னடா சொல்லுவாங்க?"

"உங்க போன எலெக்‌ஷன் போஸ்டர் எத்தனை மில்லிமீட்டர்னு நெனச்சீங்க? மீதித் தார் அங்கதான் போச்சு" என்று சொல்லிவிட்டு மாமா போனை வைத்தார்.

*

சாயங்காலம் உறுப்பினர் வீட்டுக்குள் நுழைந்தபோது மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் செய்தித்தாள் விரித்து, இரண்டு உருளைகள். மூன்றாவது இருக்க வேண்டிய இடம் காலி. டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் அவர்தான்.

"வாங்க" என்றார் ஜல்லி மாமா. "திருடன் முன்னாடியே வந்துட்டேன். அப்பன் லேட்டு."

மகள் ஒரு காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். அதன் மேல் பேனா. அவள் கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் அலுவலகக் குரல்.

"நாலே வரி. என் பொறுப்புல இருந்த துண்டை எனக்குத் தெரியாம நீங்க எடுத்துட்டுப் போனீங்க. அது இன்ன ரோட்டோடது. கையெழுத்து. நாளைக்குத் தலைவர் படிச்சாருன்னா துண்டு எனக்குத் திரும்ப வரும், என் வேலை தப்பும்."

"என் ரோடு தப்பாது" என்றார் மாமா. "நாலு கிலோமீட்டரையும் கொத்திப் போட்டுட்டு என் காசுல திரும்பப் போடணும். கருப்புப் பட்டியல்ல ஏத்துவாங்க. மாமனை இப்படிப் புதைக்கணும்னு எந்தக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க?"

"அந்த ரோட்டுல புதைக்கவும் முடியாது மாமா. நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்தான் மூடும்."

"பாத்தியாக்கா அவ வாயை?"

அக்கா டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துண்டு கிடங்குலயே காணாம போச்சுன்னு எழுதிக் குடு" என்றார் மாமா. "ஒரு வருஷம் இன்க்ரிமென்ட் நிறுத்துவாங்க. செத்தா போயிடுவ?"

"கிடங்குல காணாம போன துண்டு, நாடே பாக்க அப்பா கையில இருந்துச்சே? நானே குடுத்தேன்னுதான் ஆகும்." மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்கு ஆபீஸ்ல என்ன கேட்டாங்க தெரியுமா? 'மாமாவைக் காட்டிக்குடுக்க அப்பாவைக் கூலிக்குப் பிடிச்சியா'ன்னாங்க."

உறுப்பினர் காகிதத்தைப் பார்த்தார். நான்கு வரிதான். முதல் வரியில் அவர் திருடினார். இரண்டாவது வரியில் மச்சினன் திருடினான். இதைத் தலைவர் படித்தால் அடுத்த தேர்தலில் கட்சி சீட்டு கொடுக்காது. மனைவி இந்த ஜன்மத்தில் மன்னிக்க மாட்டாள். படிக்காவிட்டால் மகளுக்கு வேலை இல்லை, அந்தச் சாலைக்கு நூறு மில்லிமீட்டர் என்று யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

காகிதத்தின் அடியில் இன்னொரு கோடும் இருந்தது. 'எடுத்ததை நேரில் பார்த்தவர்.'

"இது எதுக்கு?" என்றார்.

"விதி" என்றாள் மகள். "உங்க விதிதான். சாட்சி வேணும்னு நீங்கதான் சேக்கச் சொன்னீங்களாம். யாரும் பாக்கலேன்னா அதையாவது எழுதுங்க."

"நான் பாத்தேன்" என்றாள் அம்மா.

பல நாள் கழித்து அவள் மகளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

"பை குடுத்ததே நான்தான். சீட்டையும் படிச்சேன். உங்கப்பா கையில குடுத்தா தொலைஞ்சுடும்னுதான் குடுத்தேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர் வெளியில கொண்டு போன எதையும் திரும்பக் கொண்டு வந்ததில்ல. ஒன்பது குடை போயிருக்கு. சத்தமில்லாம தொலைச்சுட்டு வருவார்னு பாத்தேன். நாட்டுக்கே காட்டிட்டுத் தொலைப்பார்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா!" என்றார் மாமா, உருகிப்போய்.

"நீ வாயை மூடுடா" என்றாள் அக்கா. "உனக்காகப் பண்ணினேன். அவ வேலைக்கே உலை வைப்பேன்னு நெனச்சா பண்ணினேன்? நாற்பத்திரண்டாம். வீட்டுல இருக்கிற மிதியடி அதைவிடத் தடியா இருக்கு."

மேஜையைச் சுற்றி யாரும் யாரையும் பார்க்கவில்லை. மகள் மட்டும் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா. நான் பெருசா எதுவும் கேக்கல. நான் உங்களுக்கு எடுத்துக் குடுத்தேனா, நீங்களா எடுத்தீங்களா? நாளைக்குச் சபையில கேப்பாங்க. இப்ப நான் கேக்குறேன். ஒரு வார்த்தை."

உறுப்பினர் வாயைத் திறந்தார். மச்சினன் நிமிர்ந்து பார்த்தார். உறுப்பினர் உடனே வாயை மூடினார்.

"ஒரு வார்த்தைப்பா. பதில் சொல்லாம நழுவினதே இல்லேன்னு காலையில குளிக்கிற ரூம்லேர்ந்து கேட்டுதே."

அம்மா கையை நீட்டிப் பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடவா, தம்பிக்காக ஒளித்து வைக்கவா, அவள் முகத்தில் தெரியவில்லை. மூடியைக் கழற்றினாள். பேனாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கணவன் முகத்தைப் பார்த்தாள். அவள் எந்தக் காரியத்தையும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராமல் செய்ததில்லை.

டி.வி.யில், சத்தமில்லாமல், ஒரு மனிதர் கண்ணாடியைக் கழற்றி, வாயால் ஊதி, கைக்குட்டையை நான்காக மடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அப்பா?" என்றாள் மகள்.

உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார். அதில் தூசி இருந்தது போலத்தான் அவருக்குத் தோன்றியது. கைக்குட்டையைத் தேடி எடுத்தார். வலது பக்கச் சில்லைத் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

டி.வி.யில் இருந்தவர் துடைத்து முடித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மேஜையில் இருந்தவர் இடது பக்கத்துக்கு மாறினார்.